மேகத்துக்கு மஞ்சள் நீர்

கரிசலூத்து என்று அந்த ஊருக்குப் பெயர் வைத்த மனிதன் இப்போது கையில் கிடைத்தால் ஊரே சேர்ந்து நாலு கேள்வி கேட்கும். கரிசல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறோம், ஊத்து எங்கே ஐயா என்று. மழை என்பது அங்கே பக்கத்து ஊருக்குப் பெய்வது. அதனால் அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரம் கழுவியது, பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கை மரத்துக்குப் போனது, விருந்தாளி குடித்து மிச்சம் வைத்த தண்ணீரை அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து துளசிக்கு ஊற்றினார்கள், பிள்ளைகள் பேசப் பழகியதும் கற்றுக்கொள்ளும் முதல் வசவே 'தண்ணியக் கொட்டுனவளே' என்பதாக இருந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள் அங்கே பாடச் சொல்ல மாட்டார்கள், சமைக்கத் தெரியுமா என்றும் கேட்க மாட்டார்கள், நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் ஒரு நடை நடந்து காட்டச் சொல்வார்கள். ஒரு சொட்டு சிந்தினால் சம்பந்தம் முறிந்தது. செண்பகவல்லி அப்படி நடந்து காட்டி, சிந்தாமல் ஜெயித்து, மாவு மில் ஆவுடையப்பனைக் கட்டிக்கொண்டவள்.

அவள் வீட்டு மாடி காலியாகக் கிடந்தது. ஐப்பசி பிறந்த ஒரு மத்தியானம், அவள் கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருக்கும்போது, ஒரு மேகம் தெருமுனையில் திரும்பி, மேய்ச்சல் முடிந்து வருகிற எருமையின் நிதானத்தில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்து, கேட்டில் தொங்கிய 'மாடி வாடகைக்கு' என்ற அட்டையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்பில்லாத குறையைத் தவிர வேறு குறை சொல்ல முடியாத மரியாதையோடு மாடிப்படியில் ஏறியது.

செண்பகவல்லி கையில் ஒட்டிய செதிலோடு ஓடிவந்து, எந்த வீட்டுக்காரம்மாவும் கேட்பதைத்தான் கேட்டாள். "குடும்பமா, பேச்சிலரா?"

மேகம் இன்னொரு படி ஏறியது.

"பேச்சிலருக்கு விடுறதில்ல, ஆமா. பின்னால யாரும் வாராகளா?"

உள்ளே எங்கோ சின்னதாக ஒரு உறுமல் கேட்டது. அதை 'வருவார்கள்' என்று எடுத்துக்கொண்டு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ராத்திரி சத்தம் ஆகாது, கீழே சின்னப்பிள்ளை இருக்கிறது என்று மூன்று நிபந்தனையும் சொல்லி முடித்தாள். மேகம் அட்வான்ஸாக மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிக் கொடுத்தது. தொட்டி நிரம்பி வழிகிற சத்தத்தை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மீன் சட்டிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, சந்தோஷம் தாங்காமல் அந்தச் சாளை மீன்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள்.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே பால்காரர் மாடிக்கும் சேர்த்துப் பால் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார், கேபிள் டிவிக்காரர் இணைப்புக் கொடுக்க ஏறிப்போய் நனைந்து இறங்கினார், ரேஷன் கடையில் "அந்த மாடி வீட்டு ஆளுக்கு கார்டு இருக்கா?" என்று விசாரித்தார்கள், எதிர்வீட்டிலிருந்து ஆவுடையப்பனின் அக்கா பேச்சியம்மாள் வந்து படியிலேயே நின்று மேலே எட்டிப்பார்த்து, "ஆளு கறுப்பா இருந்தாலும் களையா இருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்தாள். பேச்சியம்மாள் சரி என்று சொன்ன பிறகு அந்தத் தெருவில் எதுவும் சரியில்லாமல் போக முடியாது. மேகம் தினமும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவுக்குத் தூறல் போடும், திருப்தியாக இருக்கிற நாளில் கனமாகவே பெய்யும், முருங்கை மரம் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரே வாரத்தில் வீட்டு உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

சங்கடம் என்னவென்றால் கரிசலூத்துக்காரர்களுக்கு நனைந்து பழக்கமில்லை. குடை என்பது வெயிலுக்குப் பிடிப்பது என்றிருந்ததால் மழை பெய்ததும் மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்கள், புதுக் குடை வீணாகப் போய்விடுமே. ஈரத்தலையோடு வேலைக்குப் போனார்கள், காயாத சட்டையை உடம்பிலேயே காயவைத்தார்கள், கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தபோது அது என்னவென்றே தெரியாமல் ஒருவருக்கொருவர் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டார்கள். அந்த ஊரின் மொத்த வைத்தியமும் சூட்டுக்கான வைத்தியம். தலைவலியா, சூடு; வயிற்றுவலியா, சூடு; மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனாரா, அதுவும் சூடுதான். அதனால் ஊர் மொத்தமும் தும்மத் தொடங்கியபோது, தெருவுக்குத் தெரிந்த வழியில் ஊறவைத்த வெந்தயமும் நீராகாரமும் இளநீரும் மோரும் கொடுத்து, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, தலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். தும்மல் இருமலாயிற்று. இருமல் எவ்வளவு பெரிதாயிற்று என்றால், சினிமாக் கொட்டகையில் வில்லன் பேசுகிற வசனம் ஒன்றும் கேட்காமல் போய், அந்தப் படத்தில் கெட்டவன் யார் என்பதில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் நஸ்ரின் பானுவுக்கு நாகர்கோவில் பக்கம். மழையிலேயே முளைத்தவள். அவள்தான் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்தாள். "தலைய நல்லாத் துவட்டுங்க. ஈரத்துணிய மாத்துங்க. தண்ணியக் கொதிக்க வச்சு ஆத்திக் குடிங்க. சாப்பிடுறதுக்கு முன்னால சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. இருமும்போது வாயப் பொத்திக்கிடுங்க. பெரியவங்களுக்கு மோரக் குறைச்சு மிளகு ரசம் வச்சுக் குடுங்க." ஒரு தெருவில் சொல்லி முடித்து அடுத்த தெருவுக்குப் போவதற்குள் முதல் தெருவில் எல்லாரும் டாக்டராகியிருந்தார்கள். டீக்கடையில் சுக்கு மல்லி கொதித்தது, தூதுவளைக்குப் போட்டி வந்தது, நொச்சி இலையைப் பறிக்கப் போனவர்கள் நொச்சி எது என்று தெரியாமல் இன்னொரு இலையைப் போட்டு ஆவி பிடித்து முகம் வீங்கித் திரும்பினார்கள். இருந்தும் இருமல் இறங்கியது. ஊருக்கு உற்சாகம் வந்தது. சளி பிடித்து, சளி விடுவதில்கூட ஒரு பெருமை இருக்கிறது என்று கரிசலூத்து கண்டுகொண்டது.

ஆனால் டாக்டர் சொன்னதில் ஒன்றை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை.

மழை பெய்த முதல் நாளிலிருந்தே ஊர் பிடித்து வைக்கத் தொடங்கியிருந்தது. குடம், அண்டா, வாளி நிரம்பின. பிறகு இட்லிக் கொப்பரை, குக்கர், டிபன்பாக்ஸ் அடுக்கு, உடைந்த உரல், பழைய டயர், ஆட்டுக்கல் குழி, குழந்தையின் பால்புட்டி எல்லாம் நிரம்பின. கட்டிலுக்கு அடியில் நின்றன, பீரோவுக்குள் நின்றன, பூஜை அறையில் சாமிப் படங்களுக்கு முன்னால் டம்ளர் டம்ளராக நின்றன. மூடி போதவில்லை. மூடி வைத்திருந்தால் மட்டும் என்ன, அதைத் திருப்பிப் போட்டு அதிலும் அல்லவா பிடித்துவிட்டார்கள். பேச்சியம்மாள் வீட்டில் நடக்க வழியில்லாமல் பக்கவாட்டில் நடந்தார்கள். செண்பகவல்லி வீட்டில் அவ்வளவு இல்லை; நேராக நடக்கலாம், கையை வீசக் கூடாது.

"தேங்கி நிக்கிற தண்ணியில கொசு முட்டை போடும்" என்றாள் டாக்டர் நஸ்ரின், பேச்சியம்மாளின் வாசலில் நின்று. "வாரத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் கொட்டிட்டு, உள்பக்கமா தேய்ச்சுக் கழுவிக் கவுத்துங்க."

"கொசு சாக்கடையிலதானம்மா முட்டை போடும். இது சுத்தமான தண்ணி, கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க."

"அதான் பிரச்சினையே. டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணிதான் பிடிக்கும். பகல்லதான் கடிக்கும்."

"நம்மளப் போலத்தான் போல" என்று பேச்சியம்மாள் முடித்துக்கொண்டாள். டாக்டர் போனதும் இரண்டு அண்டாவைப் பின்பக்க அறைக்கு மாற்றிக் கதவைப் பூட்டினாள். தெருவெல்லாம் அதையேதான் செய்தது. தண்ணீரைக் கீழே கொட்டச் சொல்கிற ஒருத்தி படித்தவளாக இருக்கலாம், நல்லவளாகவும் இருக்கலாம், ஆனால் கரிசலூத்துக்காரியாக இருக்க முடியாது.

காய்ச்சல் கார்த்திகையில் வந்தது. முதலில் பூக்கட்டுகிறவர் படுத்தார், அடுத்து தபால்காரர், பிறகு வாத்தியார்கள் இரண்டு பேர். ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, செண்பகவல்லியின் மகள் மூன்றாம் வகுப்பு வடிவு பெஞ்சில் தலை வைத்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்று சொன்னார். செண்பகவல்லி ஓடிய ஓட்டத்தில் தாண்டிய வாளிகளில் ஒன்றுகூடச் சிந்தவில்லை. கால் தன்னால் பார்த்துக்கொண்டது. பிறகு அதை நினைத்துத்தான் அவளுக்கு உடம்பு கூசியது.

சுகாதார நிலையத்துக் கட்டிலில் வடிவு சிறுத்துப்போய்க் கிடந்தாள். டாக்டர் நஸ்ரின் மைக்கில் பேசுகிற குரலை வெளியில் விட்டுவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள். "டெங்குதான். சரியான நேரத்துல கொண்டாந்துட்டீங்க, நான் பாத்துக்கிடுதேன். கஞ்சி, உப்புச் சர்க்கரைத் தண்ணி, கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக்கிட்டே இருங்க. கடையில எந்த மாத்திரையும் வாங்கிக் குடுக்காதீங்க. ஆனா அக்கா, பிள்ளைய நான் குணமாக்கி அனுப்புற வீடு இப்படியே இருந்தா, திரும்ப வந்துரும். ரெண்டாவது தடவை வந்தா இத விட மோசம்."

ஆவுடையப்பன் மகளுக்குத் துணையிருக்க, செண்பகவல்லி வீட்டுக்கு வந்து முன்வாசலில் இருந்த அண்டாவின் முன்னால் நின்றாள். குனிந்து பார்த்தாள். கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. உள்ளே நூல் நூலாக எதுவோ தலைகீழாகத் தொங்கிக்கொண்டு குதித்தது. அண்டாவின் விளிம்பைப் பிடித்தாள். மகள் முகத்தை நினைத்தாள். சாய்க்க வேண்டியதுதான், ஒரு தள்ளு. கை வரவில்லை. எத்தனை வருஷம் குழாயடியில் நின்ற கை, எத்தனை பேர் தலைமயிரைப் பிடித்து இழுத்து ஒரு குடம் வாங்கிய கை, அது மகளுக்காகக்கூடச் சாயமாட்டேன் என்றது. தன் கையை இன்னொரு கையால் அடித்தாள். அதற்கும் வரவில்லை.

அன்று சாயங்காலம் தெரு அவள் வீட்டு முன்னால் கூடியது. எல்லார் வீட்டிலும் யாராவது படுத்திருந்தார்கள், எல்லாருக்கும் பயம். ஊருக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி, தண்ணீரைக் கொட்டுவது, இல்லாவிட்டால் மேகத்தைக் காலி செய்யச் சொல்வது. தண்ணீரைக் கொட்டலாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் நா எழவில்லை. பேச்சியம்மாள்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"செம்பகம், நான் சொல்லுதேன்னு வருத்தப்படாத. மாடியில இருக்க ஆளு தங்கமான ஆளு. ஆனா பிள்ளைக்கு மேல எதுவும் இல்ல பாத்துக்க. காலி பண்ணச் சொல்லிரு. அதுவும் இப்பவே சொல்லு, மார்கழி பொறந்துட்டா யாரும் வீடு மாத்த மாட்டாக. அப்புறம் தை வரைக்கும் இருந்துரும்."

"தண்ணியக் கொட்டுனா போதும்னு டாக்டரம்மா சொல்லுதாகளே மதினி."

"கொட்டுறதா?" என்றாள் பேச்சியம்மாள், குழந்தையை விற்கச் சொன்ன மாதிரி. "நீ கொட்டுவியா?"

செண்பகவல்லி தன் கையைப் பார்த்தாள்.

மரியாதையாக அனுப்ப வேண்டும் என்று தெரு முடிவு செய்தது. வெள்ளிக்கிழமை காலையில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு கிண்ணத்தில் மஞ்சள், ஒரு கிண்ணத்தில் குங்குமம் வைத்த தட்டோடு பேச்சியம்மாள் படியடியில் வந்து நின்றாள். செண்பகவல்லி மட்டும் மேலே ஏறினாள். மேகம் ஈரமான சுவரில் சாய்ந்திருந்தது. "நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல" என்றாள் அவள். "எங்களுக்குத்தான் உங்கள வச்சுக்கிடத் தெரியல." மேகம் ஒரு எதிர்வார்த்தையும் இல்லாமல் எழுந்து, மூலைகளில் ஒதுங்கியிருந்த தன் துண்டுகளையும் சன்னல் கம்பியில் சிக்கியிருந்த பிசிறுகளையும் பொறுக்கிச் சேர்க்கத் தொடங்கியது. அலமாரித் தட்டில் கிடந்த ஒரு சின்னப் பஞ்சுப்பொதியை மறந்துவிட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொண்டது. பேச்சிலர் இல்லை, பிள்ளையும் இருந்திருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தவள் கீழ்ப்படியில் அந்தத் தட்டைப் பார்த்தாள். தட்டில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள். தட்டைப் பிடித்திருந்த மதினியைப் பார்த்தாள்.

கரிசலூத்தில் அம்மன் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் மஞ்சள் நீராட்டு உண்டு. மாமன் மகள் அத்தை மகன் மேலும், கொழுந்தன் மதினி மேலும், முறை உள்ளவர்கள் எல்லாரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். லாரித் தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்துக் கிடந்த வருஷத்தில்கூட அதற்கென்று தண்ணீர் ஒதுக்கினார்கள், அதை வீண் என்று இந்த ஊரில் ஒருத்தரும் ஒருநாளும் சொன்னதில்லை. தரையில் கொட்டினால்தான் அது பாவம். முறைக்காரர் தலையில் ஊற்றினால் அது உறவு.

செண்பகவல்லி கிண்ணத்து மஞ்சளை முழுக்க எடுத்து வாசல் அண்டாவில் போட்டுக் கலக்கினாள், வாளியால் முகந்தாள், கை எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது, பேச்சியம்மாளின் உச்சந்தலையில் ஒரே ஊற்றாக ஊற்றினாள்.

பேச்சியம்மாள் தட்டோடு அப்படியே நின்றாள். வெற்றிலை மிதந்தது, குங்குமம் கரைந்து கையெல்லாம் வழிந்தது, மூக்கு நுனியிலிருந்து மஞ்சள் சொட்டியது. அவள் தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். தன் வீட்டுக்குள் போனாள். போய்விட்டாள், இனிமேல் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், பூட்டிய பின்னறையைத் திறக்கிற சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் பெரிய அண்டாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

"முறை செஞ்சா திருப்பிச் செய்யணுமா இல்லையா?" என்றாள். "ஏ கொழுந்தியா, நில்லு அங்க!"

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல ஒரு வாய் போதாது. மாமன் மகன்கள் அத்தை மகள்களைத் துரத்தினார்கள், அத்தை மகள்கள் துரத்தினவர்களைச் சுற்றிவளைத்தார்கள், கட்டிலுக்கடியில் இருந்ததும் பீரோவுக்குள் இருந்ததும் சாமிக்கு முன்னால் இருந்ததும் வெளியே வந்தன, பேசாமல் இருந்த சகலைகள் பேசிக்கொண்டார்கள், செய்தி கேட்டு, மகளை நர்ஸிடம் பார்க்கச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்த ஆவுடையப்பன் மில்லைத் திறந்து விரலி மஞ்சளை அரைத்து அரைத்துத் தள்ளினான், தெருவில் முறை தீர்ந்துபோனவர்கள் பக்கத்துத் தெருவில் முறை தேடிப் போனார்கள், தலைமுறை தலைமுறையாகச் சொந்தமில்லை என்று நினைத்திருந்த இரண்டு குடும்பங்கள் ஒரு வாளித் தண்ணீர் மிச்சமிருந்த காரணத்தால் மாமன் மச்சானானார்கள். டாக்டர் நஸ்ரின் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். அவளுக்கு என்ன முறை என்று ஊர் சுருக்கமாகக் கூடிப் பேசி, பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுப்பவள் நாத்தனார் முறைதான் என்று தீர்மானித்து, அவள் தலையிலும் ஊற்றியது. அவள் மஞ்சள் சொட்டச் சொட்ட ஒவ்வொரு பாத்திரமாக எட்டிப் பார்த்து, "ஊத்துனா மட்டும் பத்தாது, உள்பக்கம் தேய்ங்க! தேய்ச்சுக் கவுத்துங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். தேய்த்தார்கள். கவிழ்த்தார்கள். அன்றிலிருந்து கரிசலூத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மஞ்சள் நீர் என்றாயிற்று. பிடித்த தண்ணீர் அடுத்த வெள்ளியைத் தாண்டுவதில்லை, அதுவரைக்கும் மூடி போட்டோ வேட்டித்துணி கட்டியோ இருக்கும்.

காய்ச்சல்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்தார்கள். புதிதாக யாரும் படுக்கவில்லை. வடிவும் வீடு வந்தாள், மெலிந்து, கண் மட்டும் பெரிதாகி, வந்ததும் வராததுமாக முட்டைக் குழம்பு கேட்டாள். செண்பகவல்லி குழம்பு கொதிக்கிறவரை அடுப்பைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அமளியில் மேகத்தை மறந்திருந்தார்கள். அது மூட்டை கட்டியபடியே மேல்படியில், போகச் சொன்னார்களா இருக்கச் சொன்னார்களா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. மார்கழி பிறக்க இருந்த கடைசி வெள்ளிக்கிழமை, வடிவு ஒரு சின்னச் செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். தெரு கீழே நின்று அண்ணாந்து பார்த்தது.

"ஏட்டி, அது உனக்கு என்ன முறை?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"மாமா" என்றாள் வடிவு, யோசிக்காமல். "நம்ம வீட்டு மாடியில வேற யாரு வந்து இருப்பா?"

செம்பைக் கவிழ்த்தாள். மேகம் முதலில் சிலிர்த்தது. பிறகு அதன் அடிவயிற்றிலிருந்து மஞ்சள் பரவிப் பரவி உச்சிவரைக்கும் ஏறியது, பழுத்த பலாப்பழமாக நின்றது. பேச்சியம்மாள் பெருமூச்சு விட்டு, "அப்பொ சரி. முறைக்காரன எப்படிக் காலி பண்ணச் சொல்லுறது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, திடீரென்று எதையோ உணர்ந்தவளாக முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முறை செய்தால் திருப்பிச் செய்யவேண்டும் என்பது அந்த மேகத்துக்கும் இதற்குள் தெரிந்திருந்தது.

கரிசலூத்து முழுக்க மஞ்சள் மழை பெய்தது. வெள்ளை வேட்டி ஒன்று மிச்சமில்லை, காக்கைகூட மஞ்சளாகக் கரைந்தது, ஜீப்பிலிருந்து நஸ்ரின் மைக்கில், "சந்தோஷம்! எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தலையத் துவட்டுங்க!" என்று சிரித்துக்கொண்டே கத்தினாள், யாரும் போகவில்லை. செண்பகவல்லி மகளைத் துண்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, தாழ்வாரத்துக்கு உள்ளே நனையாமல் உட்கார்ந்திருந்தாள். வாசலைத் தொட்டுக்கொண்டு மழைத்தண்ணீர் தெருவோடு ஓடியது, கால் நீட்டினால் எட்டும். பக்கத்திலேயே கழுவிக் கவிழ்த்த அண்டா இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், மடியில் இருந்த தலையை இன்னொரு முறை துவட்டினாள்.

"போகட்டும்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்.